இந்த மாகிக்கு அவர் காலில் விழமாட்டேன்

பூஸ் மாதம் 17

இன்றும் வெயில் இல்லை. எதிரே வருவது எருமையா ஆளா என்று தெரியாத பனி. ஹாரனை அழுத்திக்கொண்டே டிக்காபூர் பட்டணம் வரை பேட்டரி ரிக்‌ஷாவை ஓட்டிப் போய் வந்தேன். காலையில் ஏறியது பக்கத்து வீட்டு பிஷ்னி மட்டும்தான், பன்றிக்குத் தவிடு வாங்க.

"மாகி வருதுடி சோன்கலி. புது வருஷத்துக்கு ஒரு புதுத் துணியாவது எடேன்" என்றாள்.

மாகி என்றால் எனக்குத் துணி ஞாபகம் வருவதில்லை. ஒன்பது வயதில், மாகிப் பண்டிகை முடிந்ததும் சித்தப்பா என்னை சைக்கிளில் வைத்து டிக்காபூரில் இருந்த ஜமீன்தார் வீட்டில் விட்டுவிட்டு வந்ததுதான் ஞாபகம் வருகிறது. அப்போதெல்லாம் மாகிக்குத்தான் நிலத்துக்கும் ஆளுக்கும் பேச்சு முடிப்பார்கள். அடுத்த வருஷமும் வாரத்துக்கு உழ நிலம் வேண்டுமா, வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை அனுப்பு. சித்தப்பா வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தோம். அவர் மகள் பஸந்தி, அப்புறம் செத்துப்போன அண்ணன் மகள் நான். இருவருக்கும் சில மாதம்தான் வித்தியாசம். பஸந்தி பள்ளிக்கூடம் போனாள். நான் ஒன்பது வருஷம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தேன்.

அந்த வீட்டைத் தாண்டித்தான் தினமும் ஓட்டுகிறேன். இப்போது கீழே செல்போன் கடை. ஜமீன்தார் செத்துப் போனார். பிள்ளைகள் காட்மாண்டுவில். யாரிடம் போய்க் கேட்பது?

ஒருவர் இருக்கிறார். லஹானு சித்தப்பா. எங்கள் ஊர் பல்மன்சா. ஊர்த்தலைவர்.

பூஸ் 21

 

இன்று சித்தப்பா என் வண்டியில் ஏறினார், பக்கத்து ஊர்த் தலைவர்கள் இரண்டு பேரோடு. வாய்க்கால் கூட்டத்துக்குப் போகிறார்களாம். நடுவழியில் என்னைக் காட்டி அவர்களிடம் சொல்கிறார்:

"நம்ம அண்ணன் மக. பட்டணத்துல வளந்த புள்ள. சின்னதுலயே நான்தான் கொண்டுபோய் விட்டேன். அதான் இன்னிக்கு ஆம்பளைக்குச் சமமா வண்டி ஓட்டுது."

வளர்ந்தேனாம்! படிக்கட்டுக்குக் கீழே, நாய்க்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தேன். நெய் கொட்டியதற்கு முதுகில் கரண்டிக் காம்பால் வாங்கி வளர்ந்தேன். இந்த ஆள் அதை எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்லித் திரிகிறார். எத்தனை பேரிடம், எத்தனை வருஷமாக?

அங்கிருந்து டிக்காபூர் வரைக்கும் ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் வண்டியை இறக்கினேன். "மெதுவா, மெதுவாம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பூஸ் 22

பள்ளம் போதாது.

பூஸ் 24

அந்த ஆளிடம் பறிக்கக் கூடியது என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். நிலம் கொஞ்சம்தான். ஒன்றுதான் இருக்கிறது. மாகிக்கு ஊர் கூடும்போது நடுப் பாயில் உட்காருவாரே, அந்த இடம். மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்து உட்கார வைக்கிறார்கள்.

பிஷ்னியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போன வருஷம் வாய்க்கால் தூர்வார ஆள் அனுப்பவில்லை என்று அவளுக்கு அபராதம் போட்டவர் அவர். அவள் புருஷன் மலேசியாவில். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எங்கே மண்வெட்டி பிடிப்பது? இதுபோல ஊரில் பாதி வீடு இருக்கிறது. ஆண்கள் பெங்களூரிலும் கத்தாரிலும். வீட்டுக்கு ஒரு கை என்பதால் இந்தத் தடவை கூட்டத்தில் கை தூக்கப் போவது பெண்கள்தான்.

"சரி, யாரை நிறுத்தறது?" என்றாள்.

"என்னை."

"நீ கல்யாணம் ஆகாதவடி."

"வாய்க்கால் தூர்வார மாப்பிள்ளை எதுக்கு?"

அப்போதுதான் சிரித்தாள். அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில் குழந்தை எழுந்துவிட்டது.

எனக்கென்று தனி அடுப்பு இருக்கிறது. ஆகவே எனக்கும் ஒரு கை உண்டு. நிற்கவும் உரிமை உண்டு.

பூஸ் 27

சந்தைக்குப் போகும் பெண்களிடம் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன். அபராதம், வாய்க்கால், தண்ணீர் விடும் முறை. சொல்வது எல்லாமே நியாயம்தான். ஆனால் சொல்லும்போது என் கண்ணுக்குள் தெரிவது வாய்க்கால் இல்லை. பாயை விட்டு எழுந்திருக்கும் சித்தப்பாவின் முகம்.

இது தப்பா? தப்பாகவே இருக்கட்டும்.

பூஸ் 29

நாளை மாக் மாதம் பிறக்கிறது; விடிந்தால் மாகி. இன்று ஊர் முழுக்கப் பன்றியின் அலறல், வைக்கோல் புகை. அரிசி மாவை உருட்டி டிக்ரிக் கொழுக்கட்டை ஆவியில் வைத்திருக்கிறேன். பிஷ்னி வீட்டு அரிசிக்கள் நன்றாகப் புளித்திருக்கிறது.

சாயங்காலம் சித்தி வந்தாள். தனியா சித்தி, சித்தப்பாவின் மனைவி. இலையில் கறி.

"உன் பங்கு" என்றாள். பிறகு, "என்னென்னமோ பேசிக்கிறாங்க. நீ நிக்கிறியாம்."

"ஆமா."

"மனுஷன் ராத்திரி பூரா தூங்கல."

"நல்லது."

சித்தி இலையை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். திருப்பிக் கொடுத்திருக்கலாம். தின்றேன். ருசியாக வேறு இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

மாக் 1

விடியும் முன்பே எல்லோரும் கர்னாலி ஆற்றில் முங்கினோம். பல் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து வழக்கப்படி அரிசியையும் பருப்பையும் உப்பையும் தொட்டு, கட்டிக்கொடுத்த வீட்டுப் பெண்களுக்குப் பங்கு எடுத்து வைத்தோம்.

அடுத்தது பெரியவர்கள் காலில் விழுவது. முதலில் பல்மன்சா வீடு. முற்றத்தில் வரிசை. சித்தப்பா அரிசிமாவுத் தட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு நெற்றியிலும் வெள்ளைப் பொட்டு வைத்தார். நான் ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு மாகிக்கும் குனிந்திருக்கிறேன். இத்தனை வருஷமும் எப்படிக் குனிந்தேன்?

என் முறை வந்தது. நின்றேன். நின்றபடியே பார்த்தேன். மாவு ஒட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விரலைத் தன் துண்டில் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பண்டிகைக்குப் பிறந்த வீடு வந்திருந்த பஸந்தி என் பின்னாலேயே ஓடி வந்தாள். "ஏன் இப்படி? எல்லார் முன்னாடியுமா?"

"என்னைக் கூட்டிட்டுப் போனதும் எல்லார் முன்னாடியும்தான், பஸந்தி."

கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது.

மாக் 4

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊர் கூடியது. இந்த வருஷமும் லஹானுவே இருக்கட்டும் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். பிஷ்னி எழுந்து என் பேரைச் சொன்னாள். ஆண்கள் பக்கம் சிரிப்பு. "ரிக்‌ஷாவை யார் ஓட்டறது?" என்று ஒருவன். "உன் பொண்டாட்டியை அனுப்பு, கத்துக் கொடுக்கறேன்" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு.

வாய்க்காலைப் பற்றிப் பேசத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். அபராதம் வரைக்கும் ஒழுங்காகப் போனது. அதற்குமேல் என்ன ஆனதென்று தெரியவில்லை, வாய் தானாகத் திரும்பிவிட்டது. படிக்கட்டு, நாய், கரண்டிக் காம்பு, எல்லாம் கொட்டிவிட்டேன். "பட்டணத்துல வளத்தாராம்! வீட்ல ரெண்டு பொண்ணு இருந்துச்சே, ஏன் நானு? சொல்லுங்க, ஏன் நானு?"

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேனா? அழுவார் என்று? அவர் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"ஆமா, விட்டேன். நிலம் போயிருந்தா வீட்ல அத்தனை பேரும் பட்டினி. பஸந்தியை விட்டிருந்தா இன்னிக்கு அவ எந்திரிச்சு இதையே கேட்டிருப்பா. யாராவது ஒருத்தி கேக்கத்தான் போறான்னு அன்னிக்கே தெரியும்."

அவ்வளவுதான். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கைகள் அதிகம். பல பேர் அவர் முகத்தைப் பார்க்காமலே தூக்கினார்கள்.

நடுப் பாயிலிருந்து எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்த காட்சி. இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோகும் என்று நினைக்கவில்லை.

மாக் 5

வண்டியை சார்ஜில் போட மறந்துவிட்டேன். நாள் முழுக்க வீட்டில். ஜெயித்தவள் இப்படியா இருப்பாள்?

'யாராவது ஒருத்தி கேக்கத்தான் போறா.' அந்த ஒரு வாக்கியத்தில் மறுபடியும் அவரே ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மாக் 9

வாய்க்கால் தூர்வாரும் முதல் நாள். என்னுடைய முதல் வேலை. யார் எந்த இடம் என்று தலைவர் சொல்ல வேண்டும். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குக் கரையில் புல் வெட்டும் வேலை கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியாக மிச்சமிருந்தது முகப்பு. ஆற்றுத் தண்ணீர் நேராக வந்து விழும் இடம். இடுப்பு வரை ஐஸ். வழக்கமாக இளவட்டங்களை இறக்கி, கள் ஊற்றி ஊற்றி வேலை வாங்குவார்கள்.

"முகப்புக்கு லஹானு" என்றேன். சித்தப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். சால்வையை அதன்மேல் வைத்தார். இறங்கினார். விலா எலும்பு தெரிந்தது. மண்ணை வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டே இருந்தார். நிமிரவே இல்லை.

சித்தி வந்தாள். அந்தச் சால்வையை எடுத்து என் கையில் திணித்தாள். "நீயே வச்சுக்க. நீதானே இறக்கின, ஏறும்போது நீயே போத்து."

மத்தியானம் வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை செய்தவர்கள் நடுநடுவே என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஜமீன்தார் வாசலுக்கு வரும்போது நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

அவர் ஏறி வந்தபோது உதடு நீலம். சால்வையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

மாக் 10

பிஷ்னி வண்டியில் ஏறினாள். இறங்கும்போது, "நாளைக்கு யாரை இறக்கப் போற, தலைவரே?" என்றாள்.

மாக் 12

அதிகாலையில் சித்தி கதவைத் தட்டினாள். சித்தப்பாவுக்குக் காய்ச்சல், மூச்சு இழுக்கிறது. வேறு வண்டி இல்லை. இருந்திருந்தாலும் என்னிடம்தான் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு கம்பளி சுற்றி உட்கார வைத்து ஓட்டினேன். ஒரே பனி. சித்தி அவரைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். கண்ணை மூடித்தான் இருந்தார். டிக்காபூருக்குள் நுழைந்ததும் திறந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் பனி" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று முதலில் புரியவில்லை. "நீ சைக்கிள்ல முன்னாடி உக்காந்து தூங்கிட்டே வந்த. ஒரு தடவை முழிச்சு, வேணாம் சித்தப்பான்னு சொல்லியிருந்தா திரும்பியிருப்பேனோ என்னமோ."

கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தூங்கல சித்தப்பா."

ரோட்டுப் பள்ளத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன்.

"முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க அழுதுக்கிட்டே மிதிச்சீங்க. தூங்கற மாதிரி இருந்தா நீங்க நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேன்."

ஏன் அப்படி நினைத்தேன்? ஒன்பது வயதுப் புத்தி. இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கும்வரை சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். நெஞ்சுச் சளியாம், நாலைந்து நாள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மாக் 14

சித்தப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அடித்துவிட்டேன்.

முகப்பு இன்னும் முடியவில்லை. எல்லோரும் மண்வெட்டியோடு நின்றார்கள், நான் யார் பேரைச் சொல்லப் போகிறேன் என்று. ஜாக்கெட்டைக் கழற்றி பிஷ்னி கையில் கொடுத்துவிட்டு நானே இறங்கினேன். முதல் மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. கரையில் நின்றபோது இவ்வளவு குளிர் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் கூப்பிடவில்லை.

பிஷ்னி மேலேயிருந்து கத்தினாள்: "ஏய் சோன்கலி, போதும்டி, ஏறு!"

மூலையில் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது. அதையும் வாரிப் போட்டுவிட்டுத்தான் ஏறினேன்.