வெட்டாமல் விட்ட ஓரம்

கையில் சாவியைச் சுற்றாமல் சும்மா நிற்கத் தெரியாத என் அன்பு அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். உங்கள் ஜீப்பை வாங்கியவர் அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்து, இன்னும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாதம் எனக்கும் அருளுக்கும் கல்யாண வெள்ளிவிழா. விருந்தில் எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். பீரோ மேலே கிடந்த கேசட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, நானும் அருளும் கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற காதர் பாயிடம் போனோம். பழைய கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர் அவர்.

அந்த வீடியோ என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், உங்களுக்குத் தெரியும். அதில் அம்மா இருக்கிறாள், தாய்மாமன் இருக்கிறார், யாரென்றே தெரியாத பத்துப் பேர் வாய் நிறைய லட்டோடு இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் இல்லை. அத்தை மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக உங்கள் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தீர்கள். நான் அருளைத்தான் கட்டுவேன் என்று நின்றேன்.

"கட்டிக்க ஆத்தா, நான் தடுக்கல. ஆனா என் தங்கச்சி மொகத்துல நான் முழிக்கணும்ல? கோயிலுக்கு வரமாட்டேன். மலைக்கு டிரிப்பு இருக்கு" என்று சாவியைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள். தாய்மாமன்தான் என்னைக் கைபிடித்து மாதா கோயிலுக்குள் கூட்டிப்போனார்.

பேத்தி பிறந்த பிறகு எங்கள் வீடே கதியென்று கிடந்தீர்கள். ஆனால் நான் விட்டேனா? எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், "என் கல்யாணத்துக்கே வராத மனுசன்தான நீங்க" என்பதில் கொண்டுவந்து முடிப்பேன். கடைசியாக நீங்கள் படுத்திருந்தபோதுகூட, "கல்யாணத்துக்குத்தேன் வரல, இந்தக் கஞ்சியவாச்சும் குடிங்க" என்றேன். சிரித்துக்கொண்டே குடித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு இப்போதல்லவா தெரிகிறது!

பாய் படத்தை ஓடவிட்டார். என் வெள்ளைச் சேலை ரோஸாகத் தெரிந்தது, ஃபாதர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. "பீடத்துத் துணி வெள்ளைதானம்மா? அத வெள்ளையாக்குனா மத்த கலரெல்லாம் தானா ஒக்காந்துரும்" என்று சிவப்பைக் குறைத்தார். சேலை நிஜமாகவே வெளுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம், "நாலு ஓரத்தையும் வெட்டிருவோமா? கீழ பாருங்க, கோடு ஆடுது. பழைய டிவிப்பெட்டி ஓரத்தக் கொஞ்சம் முழுங்கிரும், அதனால இதெல்லாம் நீங்க பாத்திருக்க மாட்டீக" என்றார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அருள் தாலியைக் கையில் எடுக்கிற நேரம். இடது ஓரத்தில், பக்கவாசல் வெளிச்சத்தில், கன்னங்கரேலென்று ஓர் ஆள். அந்த ஆளின் விரலில் ஏதோ ஒன்று மினுக் மினுக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க பாய்! வெட்டாதீக!" நான் போட்ட சத்தத்தில் பாய் பயந்துவிட்டார். "அந்த இருட்டக் கொஞ்சம் வெளிச்சமாத் தூக்குங்க."

"தூக்குனா ஒங்க மொகம் வெளுத்துப்போகும்மா. சேலையும் செவரும் ஒண்ணாயிரும். பொண்ணே தெரியாது."

"பொண்ணு கெடக்குறா. நீங்க தூக்குங்க."

தூக்கினார். என் கண்ணும் மூக்கும் ஒவ்வொன்றாக அழிந்தன. வாசலில் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது, காலருக்குள் சொருகிய கர்சீப் வந்தது. முகம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. முகம் எதற்கு? அருள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடியே, இது உங்கப்பாவுல்ல! நான் தாலி கட்டுறப்ப இங்கனயா நின்னாக?"

மூன்றாவது முடிச்சு விழுகிற வரைக்கும் நின்றீர்கள் அப்பா. அதுவரை சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. முடிச்சு விழுந்ததும் சுற்றுவது நின்றது. கர்சீப்பை உருவி முகத்தைத் துடைத்தீர்கள், போய்விட்டீர்கள். நான் பாயின் கடை என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான், கவலைப்படாதீர்கள்.

ஏன் அப்பா சொல்லவில்லை? இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு எப்படி இருந்தீர்கள்? ஜீப்பை எங்கே நிறுத்திவிட்டு வந்தீர்கள்? அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியுது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். நல்ல ஜோடி நீங்கள் இரண்டு பேரும்.

பாயிடம் இரண்டு காப்பி போடச் சொல்லியிருக்கிறேன். விருந்துக்கு ஒன்று: ஓரம் வெட்டி, கலர் சரிசெய்து, பளிச்சென்று நான் இருப்பது. முன்வரிசையில் அத்தை உட்கார்ந்திருப்பார். "எங்கண்ணன் எனக்காகப் பெத்த மக கல்யாணத்துக்கே போகல" என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறவர். இன்னொரு காப்பி எனக்கு. அதில் கோடு ஆடும், என் முகம் சுண்ணாம்பாக இருக்கும், ஓரம் வெட்டாமல் அப்படியே இருக்கும். (இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் படிக்கிற புண்ணியவான்கள் யாரும் அத்தையின் காதில் போட்டுவிட வேண்டாம். அவருக்குக் கண் மங்கிவிட்டது, பத்திரிகை படிப்பதில்லை.)

நீங்கள் காத்த ரகசியத்தை நானும் காப்பேன் அப்பா, இது சத்தியம். விருந்தில் அத்தை, "ஒங்கப்பன் வரலையேத்தா அன்னைக்கி" என்று கட்டாயம் கேட்பார். "ஆமத்தை, வரலதேன்" என்று முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் பார்த்து நிற்கத் தாலி வாங்கிய உங்கள் மகள்,
ஜெயராணி