யப்பானைப் பற்றிய பேச்சும் செல்வம் அண்ணையும்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து ஒரு சனியன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ போகும் பேருந்து ஊர்ந்தது, கல்லூரிக்குப் பிந்திவிட்டேன். வகுப்பில் நான் படிப்பித்தது போருக்குப் பிந்திய யப்பான். இனிப் போர் இல்லை என்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட நாடு. பிறகு ஏன் இப்போது ஏவுகணை வாங்குகிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். மடக்கிவிட்டாள் என்னை.

ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்திலும் இதைப் பற்றி நான் பேசவேண்டும். வில்லரே தேவாலய பேஸ்மென்ட்.

செய்ய: பேச்சுக்குப் படங்கள். கறிவேப்பிலை. பனிச் சப்பாத்து (பழையது ஒழுகுகிறது, கால் நனைகிறது).

நவ. 5, புதன்

வட்டத் தலைவர் செல்வம் அண்ணைக்குப் பேச்சின் சுருக்கம் அனுப்பினேன். தேத்தண்ணி ஆறுமுன் தொலைபேசி.

"தங்கச்சி, எல்லாம் திறம். அந்த சான் பிரான்சிஸ்கோத் துண்டை மட்டும் எடுத்துவிடும்."

துண்டு இதுதான். 1951, யப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்யும் மாநாடு. இலங்கையின் நிதி அமைச்சர் எழுந்து, யப்பானைச் சுதந்திரமாக விடுங்கள், எங்களுக்கு நட்டஈடும் வேண்டாம் என்றார், புத்தரைத் துணைக்கழைத்து. அந்த நன்றி யப்பானில் இன்னும் இருக்கிறது. அதே மனிதர்தான் எண்பத்து மூன்றில் ஜனாதிபதி. அந்த யூலைக் கலவரத்தில்தான் கொழும்பில் தமிழர் கடைகளோடு செல்வம் அண்ணையின் கடையையும் எரித்தார்கள்.

"அந்த மனுசனை எங்கட மேடையில புகழக் கூடாது."

"புகழேல்லை அண்ணை. நடந்ததைச் சொல்லுறன்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்." வைத்துவிட்டார்.

நவ. 6, வியாழன்

சோற்றை அப்படியே மூடிவைத்தேன். என் கணவர் சமாதானம் பேச வந்தார். "ஒரு துண்டுதானே? விட்டுவிடுமன். மனுசன் பாவம்."

பாவம்தான். நாங்கள் வந்திறங்கிய அன்று டோர்வல் விமான நிலையத்தில் இரண்டு குளிர்க் கோட்டோடு நின்றவர் அவர். அவரை நோகடிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் எடுக்கமாட்டேன். தமிழரை விட்டுவிட்டு எழுதிய பாடப்புத்தகங்களைத் திட்டித் திட்டி வளர்ந்தவள். எனக்குப் பிடிக்காததை நான் விட்டால் அவற்றை எழுதியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? 1951ஐயும் சொல்வேன், எண்பத்து மூன்றையும் சொல்வேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்.

மூக்கொழுகும் தடிமன். இஞ்சித் தேத்தண்ணி.

நவ. 9, ஞாயிறு

சரியான பனி. சனம் வராது என்று நினைத்தேன், பேஸ்மென்ட் நிரம்பிவிட்டது. விளக்கேற்றல், இறந்தவர்களுக்கு அகவணக்கம், பிறகு நான். செல்வம் அண்ணை முன்வரிசை.

சொன்னேன். இரண்டையும். அவர் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

நன்றியுரை தலைவர் வாயால்தான் வரவேண்டும். அது முடியாமல் ஒருவரும் வடையில் கைவைக்க மாட்டார்கள், எங்கள் சனத்தின் வழக்கம். அண்ணை எழுந்தார். தொப்பியைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். பின்னால் யாரோ, "மனுசனுக்குச் சுகமில்லையோ?"

"தங்கச்சி சொன்னது உண்மை," என்றார் கடைசியில். "யப்பானுக்காக அப்பிடிக் கதைச்ச மனுசன், நாங்கள் எரியேக்கை ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லேல்லை. அதையும் சேர்த்துச் சொன்னதுக்கு நன்றி."

வடை எடுக்கவில்லை. கோட்டுப் பொத்தானைக்கூடப் பூட்டாமல் போய்விட்டார். கழிவறையில் நின்று நன்றாக அழுதேன். என்றாலும் சொன்னது சரி. திரும்பவும் சொல்வேன்.

நவ. 10, திங்கள்

பனியால் பள்ளிக்கூடங்கள் பூட்டு. எனக்கு வகுப்பு உண்டாம், என்ன நியாயமோ. திருத்த இன்னும் ஒரு கட்டு விடைத்தாள்.

பின்னேரம் அண்ணையின் அழைப்பு. எடுக்கப் பயம். எடுத்தேன்.

"அடுத்த கூட்டத்துக்கு ஆர் கதைக்கிறது?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை அண்ணை."

"அப்ப நான் கதைக்கிறன். எண்பத்து மூண்டைப் பற்றி."

இத்தனை வருடம் அதைப் பற்றி வாயே திறக்காதவர். "கடை எரிஞ்சதைப் பற்றியோ அண்ணை?" என்றேன்.

"கடை கிடக்கட்டும் தங்கச்சி. அது எரியேக்கை உள்ளுக்கை என்ர தம்பி நிண்டவன்."