கால் சுற்று கூடுதல்

நம் பெரியவளின் அம்மாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? மாத்திரையை விழுங்குகிறாயா, ஒளித்து வைக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன்.

விளையாட்டுத் திடலில், ஒருவரையொருவர் சாயத்தால் சுட்டு விளையாடும் பெயிண்ட் குண்டு துப்பாக்கிகளைச் சரிபார்க்கிறேன் அல்லவா? எனக்கு எழுத்து தெரியாததால், எதற்கு விசைத் திருகு எத்தனை சுற்று என்பதெல்லாம் மனக்கணக்குதான். பதினெட்டாவது துப்பாக்கிக்கு இரண்டரை. செவ்வாய்க்கிழமை அதை எடுத்து விளையாட வந்த ஒருவர், “பெரியவரே, தொட்டாலே சுடணும்” என்று நச்சரித்தார். கால் சுற்று கூடுதலாகத் திருகினேன். குழலில் ஒரு குண்டு தங்கியிருந்ததைப் பார்க்கவில்லை. குனிந்து மேசையில் வைத்ததும் தானாகச் சுட்டது. என் மூக்குக்கண்ணாடி தெறித்தது. “தொடாமலே சுடுதுப்பா, போதுமா?” என்று நான் கேட்ட பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

கண்ணாடி மட்டும்தான் போனது. பீரோவில் உள்ள பழைய கண்ணாடியை அனுப்பு. துடைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டும் வை. இங்குள்ள துணி சொரசொரப்பு.

இதை எழுதித் தரும் அறைக்காரர், “கட்டுப் போட்டிருக்கிற கண்ணைப் பத்தியும் எழுதட்டுமாண்ணே?” என்கிறார். “எழுதினா உதைப்பேன்” என்றேன். அவருக்கு வேலைக்கு வண்டி வந்துவிட்டது, அவசரப்படுத்துகிறார். சரி, அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

உன் வீட்டுக்காரன்