உன் அப்பாவும் நானும் காபியை விட்ட கதை

அன்பு மகள் சுவேதாவுக்கு, காவலூரிலிருந்து அம்மா பாஞ்சாலை எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, போன வாரம் குட்டி போட்ட வெள்ளாடு, அதன் இரண்டு குட்டிகள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே பின்லாந்தில் பனி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று கையை ஆட்டுகிறார். காகிதத்தில் எழுதினால் யார் கையை ஆட்டுவது. எழுதி முடித்து நானே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன், நிதானமாகப் படி, படிக்கும்போது பயப்படாதே, முடிவு நல்ல முடிவுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ 'காபி ஆச்சாம்மா' என்று கேட்டாய், நான் ஆட்டுக்குட்டி பேச்சை எடுத்துவிட்டேன். நீ கவனித்திருப்பாய். நம் வீட்டில் இப்போது காபி கிடையாது. பில்டரைக் கழுவிக் காயவைத்து உன் சித்தி சின்னக்குழந்தையிடம் கொடுத்து வெகு நாளாகிறது. நடந்தது என்னவென்றால், பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், அப்பா ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸை மேலே ஏற்றிக்கொண்டு வருகிறார். சந்தை நாள், வண்டி நிறையக் கூட்டம், கூடை, கோழி எல்லாம். பாதி மலையில் ஒரு வளைவில் அவர் நெஞ்சு திடீரென்று தடதடவென்று அடித்து, நடுவில் ஒரு அடி நின்று, மறுபடி அடித்திருக்கிறது. கை வேர்த்துப்போய் ஸ்டியரிங் வழுக்கியதாம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, டயரைப் பார்க்கிறவர் போல இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'ஸ்ட்ராங்கா ஒரு காபி போடு' என்றார், நானும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கண்டக்டர் கோகுலகிருஷ்ணன் வந்து 'அண்ணி, அண்ணன் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா' என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபமா பயமா என்று இப்போது கேட்டால் பயம்தான் என்று சொல்வேன்.

அன்றைக்கே திருப்பத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன், கோகுலகிருஷ்ணனும் கூட வந்தான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், டாக்டரம்மா நல்ல மாதிரி, பொறுமையாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டதற்கு உன் அப்பா 'காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு மேடம்' என்றார். கோகுலகிருஷ்ணன் சும்மா இருப்பானா, 'இன்னாண்ணே இப்டி சொல்ற, ஆலங்காயத்துல ஒண்ணு, திருப்பத்தூர்ல எறங்கனதும் ஒண்ணு, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, திரும்பி வர்றப்போ ஒண்ணு' என்று அடுக்கிக்கொண்டே போனான். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு, இதயத்தில் பழுது இல்லை, ஆனால் துடிப்பு நடுநடுவே தப்புகிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது, தூக்கம் போதாது, காபி மிக அதிகம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள், உப்பைக் குறையுங்கள், காலையில் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, மறுபடி பார்த்துவிட்டு நான் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கடைசிச் சொல்தான் உன் அப்பாவைச் சாய்த்துவிட்டது. திரும்பி வரும்போது ஜன்னலோரம் பயணியாக உட்கார்ந்து வந்தார், யாரோ ஒரு தம்பி வண்டி ஓட்டினான், ஒவ்வொரு வளைவிலும் உன் அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. 'சரியா வரலேன்னா டிப்போவுல உக்கார வெச்சிடுவாங்க பாஞ்சால, ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் குடுத்துக்கினு' என்றார். அப்போதுதான் மனதுக்குள் முடிவு செய்தேன், இவருக்கு மட்டும் இல்லை, வீட்டிலேயே காபி கிடையாது, நானும் விடுகிறேன் என்று. டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக என்றுதான் சொன்னார், எனக்குத்தான் அவசரம். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் நாய் வாலை நிமிர்த்துகிற கதைதான், ஒரேயடியாக நிறுத்துவோம் என்று மறுநாளே தூள் டப்பாவோடு பில்டரைச் சின்னக்குழந்தை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். 'நீ இருந்துக்குவியா அக்கா' என்று அவள் கேட்டாள். ரெண்டு டம்ளர் காபிக்கு நான் செத்தா பூடுவேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சிரிக்காதே. கஷ்டப்படப்போவது அவர் என்று நினைத்துத் தலைவலித் தைலம், மாத்திரை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அவருக்குக் கொட்டாவி வந்தது, தூக்கம் வந்தது, மெடிக்கல் லீவில் இருக்கிற மனுஷன், இத்தனை வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார், அவ்வளவுதான். படுத்தது நான். மறுநாள் மதியம் பின்மண்டையில் ஆரம்பித்த வலி நெற்றிக்கு வந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டது. குனிந்தால் குத்துகிறது, நிமிர்ந்தால் சுற்றுகிறது, சோற்றைப் பார்த்தால் குமட்டல், கை கால் எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. ரெண்டு டம்ளர்தான் என்று சொன்னேனே, அடுப்படியில் இருந்த டிகாஷனை வேலை செய்யும்போதெல்லாம் ஊற்றி ஊற்றிக் குடித்ததை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆட்டைத் திட்டினேன், குழம்பைத் திட்டினேன், சின்னக்குழந்தை வீட்டிலிருந்து டிகாஷன் வாசனை வந்ததற்கு அவளோடு சண்டைக்குப் போனேன், பாவம் அவள், நான் கொடுத்த தூளில்தான் போட்டிருக்கிறாள். டி.வி.யில் சோப்பு விளம்பரம் வந்தது, அதைப் பார்த்து அழுதேன். அப்பா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். எனக்கு மூளையில் ஏதோ கட்டி என்றே முடிவு செய்துவிட்டேன், உன் நகைகளைப் பற்றி அவரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன்.

அந்த நேரத்தில்தான் சுபைதா வந்தாள். உனக்குத் தெரியும், வாணியம்பாடிக்காரர்கள், அவள் வீட்டுக்காரர் முகமது பாய் வருஷா வருஷம் நம் பக்கத்துப் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுப்பார், இந்த மாசிக்கும் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்துப் புளியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நோன்பு ஆரம்பித்திருந்தது, அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் பகலெல்லாம் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் தலையில் துணி கட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தாள். சொன்னேன். சிரித்தாள் பார், அப்படிச் சிரித்தாள். 'அக்கா, இது கட்டியும் இல்ல ஒண்ணியும் இல்ல, காபி நோவு. நாங்க நோன்புக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கினு வருவோம், இல்லாட்டி மொதல் நோன்புலயே மண்ட பொளந்துடும். நீ இன்னா ஒரே வெட்டா வெட்டிக்கீற' என்றாள். நிறைய தண்ணீர் குடிக்கச் சொன்னாள், பகலில் கொஞ்சம் படுக்கச் சொன்னாள், தாங்கவே முடியாவிட்டால் காலையில் அரை டம்ளர் டீ குடித்துவிட்டு அதையும் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னாள். டீ என்றால் தோல்வி இல்லையா என்று கேட்டேன். 'தோக்கறதுக்கு இது இன்னா எலெக்சனா' என்றாள். தானே எழுந்து போய் டீ போட்டு ஆற்றிக் கொடுத்தாள், நோன்பு வாயோடு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன், கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் இருந்த கட்டு தளர்ந்தது. அப்புறம் நாளுக்கு நாள் டீயும் கால் டம்ளராகி நின்றுபோனது. வலியும் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நடுவில் சாமையைக் கருக வறுத்துப் பொடித்துக் கொதிக்கவைத்துக் காபி மாதிரி இருக்குமா என்று பார்த்தேன், அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு 'ஆட்டுக்கு வெச்சிப் பாரு' என்றார், ஆடும் குடிக்கவில்லை. இப்போது சுக்கு மல்லி போட்டு வெல்லம் தட்டிக் குடிக்கிறோம், அது பரவாயில்லை.

தலைவலி போனது, ஆனால் அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். முதல் டிரிப்புக்கு முன்னால் விடியக்காலையில் அப்பாவும் நானும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து காபி குடிப்போமே, அந்த நேரத்தில்தான் அவர் பேசுவார். எந்த ஊரில் யார் ஏறினார்கள், யார் வீட்டில் கல்யாணம், எவன் சில்லறைக்குத் தகராறு செய்தான், எல்லாம் அந்த ஒரு டம்ளர் காலியாகும்வரைதான், அப்புறம் நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். காபி நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது. எழுந்திருப்பார், முகம் கழுவுவார், ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். நான் படியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்தது அந்தக் காபி ஒன்றுதானோ என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா நடக்கச் சொன்னாரே என்று நானும் கூடவே கிளம்பினேன், அப்சர்வேட்டரி கேட்வரை போய்த் திரும்புவோம். முதலில் அவர் முன்னால் விறுவிறுவென்று போவார், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். ஒரு நாள் நானே கத்திவிட்டேன், 'இன்னாங்க, ஓட்டப் பந்தயமா இது, கூட வர்றவ மனுசியா மாடா' என்று. நின்றார். நான் போய்ச் சேர்ந்ததும் மெதுவாக நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், நான் எதுவும் கேட்காமலே சொன்னார், 'அன்னிக்கு வளைவுல எனக்கு என் உசுரு நெனப்பு வரல பாஞ்சால. பின்னாடி ஒரு கைக்கொழந்த அழுதுக்கினு இருந்திச்சு. அந்தச் சத்தம்தான் காதுல. நான் சாஞ்சிருந்தா அது இன்னா ஆயிருக்கும்' என்றார். இத்தனை நாள் அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறார். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 'சாயலியே, ஓரங்கட்டித்தானே நிறுத்துனீங்க' என்று மட்டும் சொன்னேன். கையை விடுவிக்காமல் கேட்வரை வந்தார், எதிரே பால்காரர் வந்தும் விடவில்லை. அதற்கப்புறம் பேச்சு தானாக வந்துவிட்டது, இப்போது போகும்போது அவர் பேசுகிறார், வரும்போது நான் பேசுகிறேன், டம்ளர் காலியாகிவிடும் என்ற பயம் இல்லை.

உன் அத்தை மகள் தமிழரசிக்குக் கலசப்பாக்கத்தில் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது, மாப்பிள்ளை அடக்கமான பையன், கல்யாணம் ஆவணியில், உனக்குத் தனியாகப் பத்திரிகை வரும். அங்கே ஒரு கூத்து. பந்தி முடிந்ததும் நுரை பொங்கப் பில்டர் காபி கொண்டுவந்தார்கள். நான் உன் அப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெற்றிலை எடுத்துக்கொண்டார். என் முன்னால் தட்டு வந்தது, கை தானாக நீண்டுவிட்டது. பாதி டம்ளர் உள்ளே போன பிறகுதான் அவர் என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன். திரும்பும்போது போளூர் தாண்டி 'நல்லா இருந்திச்சா' என்று கேட்டார். 'சக்கர ஜாஸ்தி' என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி திருப்பத்தூர் போனோம். அவரை உள்ளே படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கூப்பிட்டுத் துடிப்பு சீராக இருக்கிறது, பிரஷரும் இறங்கியிருக்கிறது, மாத்திரையும் நடையும் தொடரட்டும், வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா சட்டைப் பையில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். திங்கட்கிழமை முதல் டிரிப்பை அவர்தான் எடுத்தார். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஆலங்காயம்வரை போய்வந்தேன். கோகுலகிருஷ்ணன் 'அண்ணி, எங்க எறங்கணும்' என்று கிண்டல் செய்தான். உன் அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தார், அது எனக்குப் போதும். ஆலங்காயத்தில் காபிக்கடைக்காரர் வழக்கம்போல டம்ளரைக் கழுவினார், அப்பா அவரிடம் வெந்நீர் வாங்கிக் குடித்தார்.

உனக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் ஆபீஸிலேயே காபி மிஷின் இருக்கிறது, குளிருக்கு நாளெல்லாம் குடிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். விடு என்று சொல்ல மாட்டேன், குளிர் தேசம், உன் வயது வேறு. ஆனால் தூக்கம் கெட்டால், நெஞ்சு படபடத்தால், குறைத்துக்கொள், அம்மா மாதிரி ஒரே வெட்டாக வெட்டாதே. உடம்பில் எதுவானாலும் யாரிடமாவது உடனே சொல், உன் அப்பாவுக்கு மகள்தானே நீ, உள்ளே வைத்துக்கொள்கிற குணம் உனக்கும் உண்டு. வரும்போது எங்களுக்குக் காபித்தூள் வாங்கி வர வேண்டாம், சுபைதாவின் பேத்திக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வா, மறந்துவிடாதே.

உனக்கு எழுதுகிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது அப்பாவைக் கேட்டேன். 'வர்றப்போ ஏர்போர்ட்லேர்ந்து கார் வெச்சிக்கினு வூடு வரைக்கும் வந்துடப் போவுது. திருப்பத்தூர்ல எறங்கச் சொல்லு. மேல நான் ஏத்திக்கினு வர்றேன்' என்றார்.

நீடூழி நல்லபடியாக இரு, ராஜாத்தி.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
தா. பாஞ்சாலை