ஆலிம்சா சொன்ன ஒரு வார்த்தை

14-11-1952, வெள்ளி. பெரியபட்டினம்.

காலரா உள்ள ஊரை விட்டு யாரும் வெளியே போகாதீர்கள் என்று மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்தினேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் பேச்சை எவன் கேட்டான்? வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். இன்று காலை பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்க் கெஞ்சினேன். அவர் ஜும்ஆ தொழுகையில் ஒரே வார்த்தை சொன்னார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதே, உள்ளே இருந்தால் வெளியேறாதே என்று நபி அன்றே சொல்லியிருக்கிறார்களாம். அதோடு ஊர் அடங்கிவிட்டது.

சாயங்காலம் ராமநாதபுரத்தில் என் வீட்டுக்குக் கிளம்பினேன். நாளை என் மூத்தவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வண்டிக்காரர் காதர் மாட்டைப் பூட்ட மறுத்து, என்னை ஆலிம்சாவிடமே கூட்டிப்போனார்.

"நான் ஊசி போட்டுக்கிட்டவன். என்னால ஒண்ணும் பரவாது," என்றேன்.

"இங்கன எல்லாருக்குந்தான் நீங்க ஊசி போட்டீக சார். அப்ப எல்லாரையும் விட்டுரவா?" என்றார் ஆலிம்சா.

வந்த வழியே திரும்பினேன். பள்ளிக்கூட பெஞ்சில் படுத்துக் கிடக்கிறேன். நாளை வருகிறவர்களிடம் என் மனைவி என்ன சொல்லிச் சமாளிப்பாளோ. ஒருத்தருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள் என்று காலையில் அவரிடம் அடித்துச் சொன்னவன் நான்தான்.