இரண்டுக்கு முன்னால் மூன்று

நீ போய் இருபது நாள் ஆகிறது. போன வாரம் உன் வீட்டுக்காரர் நாலு ரீல் டப்பாக்களைக் கொண்டுவந்து, "உங்ககிட்ட சேர்க்கச் சொல்லியிருந்தா" என்றார். திறந்ததும் குப்பென்று, கெட்டுப்போகிற பழைய பிலிமின் வினிகர் வாடை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தேகம். என்னிடம் ஏன்?

தொண்ணூறுகளில், மயிலாப்பூர் பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் திரைப்படச் சங்கத்துக்குப் புரொஜெக்டர் ஓட்டியது நீ. சங்கத்தின் இதழில் விமர்சனம் எழுதியது நான். இந்த டப்பாக்களில் இருக்கும் மௌனப் படத்தையும் அங்கே ஒரு தடவை ஓட்டினாய். அதில் ஒரு குடும்பத்தலைவரின் பொய்ப்பல் காணாமல் போய்விடும். இயக்குநர் கேமராவைச் சாப்பாட்டு அறை மூலையில் வைத்துவிட்டு அசையவே மாட்டார். மனைவி, மைத்துனன், மாமியார் என்று ஒவ்வொருவராக வந்து திருட்டுமுழி முழித்துவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம்தான், பல்லை எடுத்து மாவு டப்பாவில் போட்டது தவழுகிற குழந்தை என்று தெரியும். 'நம்மையும் சந்தேகப்பட வைத்து, பிறகு வெட்கப்பட வைக்கிறார்' என்று இயக்குநரை இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து தள்ளினேன்.

அடுத்த கூட்டத்தில், அதே படத்தைப் புனேயில் பார்த்த ஒருவர் போட்டு உடைத்தார். நம் ஹாலில் இரண்டாவது ரீலுக்கு முன்னால் மூன்றாவதை ஓட்டிவிட்டார்களாம்! ஹாலே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உன்னை மடக்கினேன். "தெரிஞ்சுதானேடி மாத்தினே?"

"கை தவறிடுத்து."

"என் கட்டுரையை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சியே! ஏன் வாயத் திறக்கலை?"

"அவ்ளோ ஆசையா எழுதியிருந்தே. எப்படிடி சொல்றது? காபியைக்கூட சந்தேகப்பட்டுண்டே குடிக்கிறவ, அதை மட்டும் முழுசா நம்பியிருந்தே!"

நான் நம்பவில்லை. ஊர் சிரிக்கட்டும் என்றுதான் விட்டாய் என்று ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேசினோம், சினிமாவைத் தவிர மற்றதெல்லாம்.

இன்று மத்தியானம், தெரிந்தவர் வீட்டுப் புரொஜெக்டரில் நாலு ரீலையும் சரியான வரிசையில் ஓட்டிப் பார்த்தேன். குழந்தை முன்னாடியே பல்லை எடுத்துவிடுகிறது. அப்புறம் யார் எப்படி முழித்தாலும் நமக்கென்ன? சப்பென்று இருந்தது, போ.

வேண்டுமென்றே செய்தாயா, கை தவறியா? சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் நான் புகழ்ந்தது உன் கை மாற்றிய வரிசையை; அந்த இரண்டு பக்கமும் உன்னைப் பற்றியதுதான்டி. நீ இருக்கும்போது நான் உன்னை மனசாரப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். அதையும் வேறொருத்தர் பெயரில் எழுதிவிட்டேன்.