‘சரிங்க’ என்று சொல்லிவிட்டாள்

ரம்ஷாவின் அத்தாவுக்கு,

பிள்ளை செலவுக்குக் கோர்ட் சொன்ன மாதப் பணம் பெருநாளோடு நின்றுவிட்டது. அதைக் கேட்க எழுதவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

நேற்று நீங்கள் போனில் அவளிடமே, “அடுத்த மாசம் அனுப்பிப்போடறேன் கண்ணு” என்றீர்கள். “சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிறவள், உங்களுக்கு மட்டும் போட்டதே இல்லை. “அத்தா, சீக்கிரம் வா” என்பாள். நான் அதட்டினால், “எம்புள்ள என்னைய அப்படித்தான் கூப்புடும், உடு” என்பீர்கள்.

இன்று அவள் பள்ளிக்குப் போன பிறகு, காலி வீட்டில் நானும் ஒருமுறை “சீக்கிரம் வா” என்று சொல்லப் பார்த்தேன்.

எனக்கு “வாங்க” என்றுதான் வந்தது.

இப்படிக்கு,
அவள் அம்மா